வேலிக்கு அந்தப் பக்கம் பதினொன்று

கூட்டில் கோழி இல்லை என்று எழுதிவிடாதீர்கள், தாயி. கோழி இருக்கிறது. பதினோரு உருப்படி இருக்கிறது. இங்கே இல்லை, அவ்வளவுதான். அந்த ஐஸ் பெட்டியை இப்படி நிழலில் வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதோ, வேலிக்கு அந்தப் பக்கம், முட்டைக்கோஸ் பாத்தியை ஒட்டி வெயில் காய்கிறதே ஒரு கூட்டம், தெரிகிறதா? அதில் வெள்ளையாக நாலு இருக்கும். அந்த நாலும் அவனுடையது. கறுப்பு, சிவப்பு, புள்ளி எல்லாம் என்னுடையது. ஊசி போடும்போது என் பெயரில்தான் போடவேண்டும். இருளப்பன். முன்னாள் கிளைச் செயலாளர், வெள்ளிமட்டம் எஸ்டேட் தொழிலாளர் சங்கம் என்று சேர்த்து எழுதினால் நல்லது. அதற்கெல்லாம் கட்டம் இல்லையா? சரி, பெயரை மட்டும் எழுதுங்கள்.

அவன் யாரென்றால், சந்தியாகு. அவனோடு நான் பேசுவதில்லை. முப்பத்தொரு வருடமாகப் பேசுவதில்லை. அவனைப் பற்றியும் பேசுவதில்லை. கோழி விஷயம் என்பதால் சொல்லவேண்டியிருக்கிறது.

கோழிகள் என் மனைவி வளர்த்தவை. செவந்தி. போன ஆடி மழையில் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் குன்னூர் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் இல்லை. எனக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? கூட்டம் போடத் தெரியும், தீர்மானம் எழுதத் தெரியும், மேனேஜர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசத் தெரியும். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. சங்கம் போட்ட அறிக்கை, எதிர்ச்சங்கம் போட்ட அறிக்கை, ஓட்டுக் கேட்டு வந்தது, மருந்து விற்க வந்தது, ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. அச்சில் வந்த ஒன்றைப் படிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் கையில் பதின்மூன்று கோழி.

ஆமாம், அப்போது பதின்மூன்று. சொல்கிறேன்.

செவந்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கருப்பி, சீமாட்டி, புள்ளிக்காரி என்று. எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. நான் பொறுப்பு கொடுத்தேன். மூத்த கறுப்புக் கோழி செயலாளர். சிவப்பு, பொருளாளர். புள்ளிக்காரி பிரச்சாரம், ஒரு முட்டை இட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சேவலுக்கு மட்டும் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். வேலை செய்வதில்லை, எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது, வேறென்ன பெயர் வைப்பது? ஆனால் ஒன்றுகூடப் புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. செவந்தி கூப்பிடுகிற மாதிரி பா, பா என்றால் உடனே வந்து நின்றன.

மாலையில் அடைக்கும் முன்னால் தினம் ஐந்து நிமிடம் அவர்களிடம் பேசுவேன். சிரிக்காதீர்கள். பேப்பரில் வந்ததைச் சொல்வேன். தேயிலை விலை என்ன, எந்த எஸ்டேட்டை யார் வாங்கினார்கள், அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம். தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஒருவரும் பாதியில் எழுந்து போனதில்லை. சங்கம் நன்றாக நடந்த நாளில்கூட எனக்கு அப்படி ஒரு கூட்டம் அமைந்ததில்லை.

கார்த்திகை முடிகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. அப்புறம் பனி இறங்கியது. உங்களுக்கு எந்த ஊர்? மேட்டுப்பாளையமா? அப்படியென்றால் இந்தப் பனி உங்களுக்குத் தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி கிடக்கும். வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி போட்டிருக்கும். குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், தாயி. இந்த மலையில் வேறு எவனுக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

அதனால் கூட்டை அடைக்க ஆரம்பித்தேன். நாலு பக்கமும் சாக்கு. அடியில் பலகை. கதவு இடுக்குக்குப் பழைய வேட்டி. மேலே, கூரைக்குக் கீழே, ஒரு சாண் உயரத்துக்கு வெறும் கம்பிவலை மட்டும் இருந்தது. அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பால் ஊற்றுகிற பெள்ளி வந்தான். படுகர் பையன், நல்லவன். பாலை ஊற்றிவிட்டு, கூட்டையே பார்த்தான். "மேல ஒரு சாண் திறந்தே இருக்கட்டும் ஐயா. கோழி குளிரைத் தாங்கிக்கும், ஈரத்தைத் தாங்காது" என்றான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சும்மாதான் சொன்னேன் என்றான். நான் மேனேஜர்களையே குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கியவன். இரண்டாவது கேள்வியில் உண்மை வந்துவிட்டது. சந்தியாகு அண்ணன் சொல்லச் சொன்னார் என்றான்.

அவன் சொல்லி நான் கேட்கவேண்டுமா?

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிப் போராட்டத் துண்டறிக்கை ஒரே ஒரு கட்டு மிச்சம் இருந்தது. நான் எழுதியது. 'கம்பளி கருணை அல்ல, உரிமை' என்று தலைப்பு. மைதா காய்ச்சி, அந்த ஒரு சாண் வலை முழுவதும் அதையே ஒட்டினேன். ஐந்து அடுக்கு. பசை அவன் காய்ச்சுகிற பக்குவத்துக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் பசை காய்ச்சுவதில் சந்தியாகுவுக்கு ஈடு கிடையாது. அவன் ஒட்டின சுவரொட்டியைக் கிழிக்க எஸ்டேட் வாட்ச்மேன்கள் அரிவாளால் சுரண்டுவார்கள். இருந்தாலும் என் பசையும் ஒட்டியது.

கம்பளி என்றால் உங்களுக்குப் புரியாது. எஸ்டேட் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு கம்பளி கொடுக்கவேண்டும். மழையில் தலைக்கு, இரவில் போர்த்த, பிள்ளை பிறந்தால் சுற்ற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கம்பளிதான். அந்த வருடம் இனிமேல் இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான் என்றார்கள். வேலையை நிறுத்தினோம். அறுபத்துமூன்று நாள். மார்கழி, தை, மாசி. நான் செயலாளர், சந்தியாகு எனக்கு அடுத்தவன். ஒரே லயன் வரிசை, அடுத்தடுத்த வீடு. அவன் இல்லாமல் நான் ஒரு கூட்டம் போட்டதில்லை.

எங்களுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை இருந்தது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்தது. ஏழு மாதம். முப்பத்தெட்டாம் நாள் இரவு நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டது. அடுத்த நாள் மாலை நான் கூட்டத்தில் பேசினேன். என் வீட்டில் விழுந்த சாவு இந்தப் போராட்டத்தை நிறுத்தாது என்று பேசினேன். அவ்வளவு பெரிய கைதட்டலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

குழி வெட்டியவன் சந்தியாகு. பனியில் மண் இறுகிக் கிடந்தது. தனியாகவே வெட்டினான், யாரையும் விடவில்லை. அப்படி வெட்டியவன், அதற்கு மூன்றாம் நாள், நாற்பத்தோராம் நாள் காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாங்கள் எல்லோரும் பார்க்க வேலைக்குப் போனான். முதல் கருங்காலி. அன்று மாலையே மேனேஜர் அவனுக்கு ஒரு புதுக் கம்பளி கொடுத்தான். கேட்டால், பிள்ளைக்கு இருமல் என்றானாம். இரண்டு வயதுப் பெண் அவனுக்கு. யார் பிள்ளைக்கு இருமல் இல்லை? எங்கள் துக்கத்தைக் கண்ணால் பார்த்தவன், அந்தக் குழியைக் கையால் வெட்டியவன், அவன் போகலாமா? அதைத்தான் என்னால் இன்றைக்கும் புரிந்துகொள்ள முடியவில்லை.

அவன் பெண் நன்றாக இருக்கிறாள். கோயம்புத்தூரில் நர்ஸ்.

தீர்மானம் போட்டோம். நானே எழுதினேன். சந்தியாகுவோடும் அவன் குடும்பத்தோடும் சங்கத்தார் யாரும் பேசக்கூடாது. நெருப்பு, தண்ணீர் கொடுக்கக்கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். செவந்தி தூக்கவில்லை. குழந்தை போய் நாலு நாள், பெண்ணுக்குக் கை எங்கே எழும் என்று அவளையும் சேர்த்தே எழுதிக்கொண்டேன். நான் எழுதின தீர்மானத்தில் ஓட்டை இருக்காது, தாயி. வக்கீல்களே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் சங்கம் போனது. எஸ்டேட்டும் கை மாறியது. இந்த வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள், எனக்கு ஒன்பதாம் நம்பர், அவனுக்குப் பத்து. மாற்றிக் கொடுங்கள் என்று மனு எழுதினேன். பதில் வரவில்லை. வேலி போட்டேன்.

பெள்ளிகூட ஒரு நாள் கேட்டான். இன்னும் எதற்கு ஐயா, எல்லாம் பழைய கதை, தீர்மானத்தை ரத்து செய்துவிடுங்கள் என்றான். அவனுக்கு விதிமுறை தெரியாது. ரத்து செய்யக் குழு கூடவேண்டும். குழுவில் ஏழு பேர். குறைந்தது மூன்று பேர் வரவேண்டும், அதற்குக் கோரம் என்று பெயர். நாலு பேர் செத்துப்போனார்கள். ஒருவன் திருப்பூருக்குப் போய் விலாசமே இல்லை. இன்னொருவன் சந்தியாகு, அவனை நீக்கியாயிற்று. நான் ஒருவன் உட்கார்ந்தால் அது கூட்டம் ஆகுமா? கோரம் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

கோழிக்கு வருகிறேன்.

கூட்டை அடைத்த நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு நெடி வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சுவரெல்லாம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்கு இழுத்தன. கொண்டை நுனி கறுத்துப்போயிருந்தது. செயலாளர், அந்த மூத்த கறுப்பு, மூலையில் விறைத்துக் கிடந்தது. குளிர்தான் என்று நினைத்தேன். இன்னும் குளிர் எங்கேயோ நுழைகிறது என்று நினைத்தேன். தடவித் தடவிப் பார்த்து, விட்டுப்போன ஆணி ஓட்டையைக்கூட அடைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று போனது.

அன்றைக்கு மாலை, நான் பேசி முடித்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பா, பா என்றேன். முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தன. நயமாகச் சொன்னேன், அதட்டினேன், கையைத் தட்டினேன். மேனேஜர் திரும்பியது. புள்ளிக்காரி அதன் பின்னால். கூட்டுக்குப் பின்பக்கமாகப் போய், வேலியில் ஒரு சந்து வழியாக, வரிசையாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்றும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நாற்பத்தோராம் நாள் காலை ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒருவன்தான் போனான்.

அந்த வேலியில் அப்படி ஒரு சந்து இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கோழி போகிற சந்து இல்லை அது. ஓர் ஆள் குனிந்து போகலாம். இரண்டு பக்கமும் குச்சி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கால் வைக்க ஒரு தட்டைக் கல் போட்டிருக்கிறது. எத்தனை வருடமாகத் திட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள். அது மட்டுமா, அந்தக் குச்சியில் ஒரு டம்ளர் மாட்டியிருக்கிறது. அடியில் சிவப்புப் பூப்போட்ட எனாமல் டம்ளர். எங்கள் வீட்டு டம்ளர், தாயி. காணாமல் போய் ஆறு வருடம் இருக்கும். செவந்தியிடம் அப்போதே கேட்டேன். எங்கேயாவது இருக்கும் என்றாள். இருந்திருக்கிறது, வேலியில் அவன் பக்கம்.

என்ன, வேலியையே பார்க்கிறீர்கள்?

இன்றோடு ஒன்பது நாள். தினமும் காலையில் அந்த டம்ளரில் முட்டை இருக்கிறது. ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்று, இந்தப் பனியில் அதற்கு மேல் எங்கே இடும்? நான் தொடுவதில்லை. மறுநாள் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறான். முகத்துக்கு நேரே வந்து ஒரு வார்த்தை கேட்கலாமே? உன் கோழி என் வீட்டில் இருக்கிறது, வா என்று சொல்லலாமே? முப்பத்தொரு வருடமாக ஒரு வார்த்தை பேசியிருப்பானா? அவ்வளவு கர்வம்.

சாயங்காலம்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பேப்பரை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

இது என்ன நோட்டீஸ்? உங்கள் இலாகா போட்டதா? கொடுங்கள், கொடுங்கள். கண்ணாடி எங்கே... இருக்கிறது. 'பனிக்காலத்தில் புறக்கடைக் கோழிகள் பராமரிப்பு.' அச்சு நன்றாக இருக்கிறது. 'கூண்டின் தரை உலர்ந்திருக்க வேண்டும். கூண்டின் மேற்பகுதியில் காற்றோட்டத்திற்கு ஒரு சாண் இடைவெளி கட்டாயம் விடவும். முற்றிலும் அடைத்தால் எச்சத்தின் நெடியும் ஈரமும் தங்கி, கோழிகள் மூச்சுத் திணறி...'

ஒரு நிமிடம் இருங்கள், தாயி.

'மூச்சுத் திணறி இறக்க நேரிடும். குளிரைவிட ஈரமே ஆபத்தானது.'

அச்சில் இருக்கிறது.

செவந்தி ஒவ்வொரு பனிக்காலமும் கூட்டைச் சுற்றிச் சாக்கு கட்டுவாள். மேலே மட்டும் ஒரு சாண் விட்டுவிடுவாள். சாக்கு போதவில்லையா என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்த நோட்டீஸ் அவளுக்கு எப்படி... இல்லை. யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கவேண்டும். அவளும் யாரிடமும் போனதில்லை, வந்ததில்லை. எஸ்டேட் விட்டால் வீடு, வீடு விட்டால் இந்தக் கொல்லை.

இந்தக் கொல்லைதான்.

ஒன்றுமில்லை, வெயில் கண்ணில் படுகிறது.

குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன் இல்லையா? அதனால்தான் அடைத்தேன். அடைத்தவன் நான். இரண்டையும் நான்தான் கொன்றேன். இதை எங்கேயும் எழுதவேண்டாம். இல்லை, எழுதினால் எழுதுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? மருந்து சூடாகிவிடுமா? ஆமாம், உங்களுக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கிறது, நான் பிடித்து வைத்துக்கொண்டேன். அங்கேயே போய்ப் போட்டுவிடுங்கள். நானா? பிடித்துக் கொடுக்க நான் வரவேண்டுமா? அது முடியாது. தீர்மானம் இருக்கிறது. அவை அவன் கைக்கும் அடங்கும். ஒன்பது நாளில் பழகியிருக்கும். ஒன்பது நாளில் என்ன, அதற்கு முன்னாலேயே பழகியிருக்கும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும். புள்ளிக்காரிக்கு இடது காலில் ஒரு புண் உண்டு. மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து இரண்டு நாளைக்கு ஒரு முறை தடவவேண்டும், செவந்தி அப்படித்தான் செய்வாள். இந்த ஒன்பது நாள் யார் தடவினார்களோ. அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். ஊசி போடுகிற அம்மா சொன்னதாகச் சொல்லுங்கள். அவன் நம்புவான்.

இந்த நோட்டீஸை நான் வைத்துக்கொள்ளட்டுமா? இன்னொன்று இருந்தால் அவனுக்கும் ஒன்று... வேண்டாம். அவனுக்குத் தெரியும்.

அந்த வழியாகச் சுற்றிப் போகாதீர்கள், ரோடு வழியாகப் போனால் அரை பர்லாங். இந்தச் சந்து வழியாகவே குனிந்து போய்விடுங்கள், கல் இருக்கிறது, வழுக்காது. பெட்டியை நான் பிடித்துக் கொடுக்கிறேன். வேலி வரைக்கும் வருவதற்குத் தடை இல்லை.

அப்புறம், தாயி. நீங்கள் சொன்னதற்கு அவன் ஏதாவது பதில் சொல்வான். பேசுகிறவன்தான், அந்தக் காலத்தில் வாய் ஓயாமல் பேசுவான். என் தீர்மானத்தில் அவனோடு பேசக்கூடாது என்றுதான் இருக்கிறது. கேட்கக்கூடாது என்று நான் எழுதவில்லை. நான் இங்கே கூட்டுக்குப் பக்கத்தில், வலையில் ஒட்டின அந்தக் காகிதங்களைக் கிழித்துக்கொண்டுதான் நிற்பேன். எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அவனைச் சத்தமாகப் பேசச் சொல்லுங்கள்.